நாற்காலிக்கு வராத வாய்கள்

(அரசுப் பல் மருத்துவர்களுக்கான தலைமைப் பயிற்சி பற்றி நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம். மேடையில் சொன்ன கிளைக்கதைகள் சில அச்சுக்காகக் குறைக்கப்பட்டுள்ளன.)



அழைப்பிதழில் ‘பல் மருத்துவத்தில் தலைமைத்துவம்’ என்று போட்டிருக்கிறீர்கள். நம் ஊரில் தலைமை என்றதும் நினைவுக்கு வருவது நாற்காலி. நம் தொழிலிலோ நாற்காலி நோயாளிக்கு உரியது. அறையில் இருப்பதிலேயே நல்ல நாற்காலியை அவருக்குக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருகிறவர் பல் டாக்டர். அந்த ஸ்டூலில் இருந்துகொண்டு எதற்குத் தலைமை தாங்குவது? அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். இதுபோன்ற மேடைகளில் ‘ஆலும் வேலும் பல்லுக்குறுதி’ என்று சொல்லித் தொடங்குவது வழக்கம். நான் ஒரு கம்ப்ரசரைச் சொல்லித் தொடங்குகிறேன்.

அரசுப் பணியில் நான் முதலில் சேர்ந்தது ஒரு தாலுகா மருத்துவமனையில். ஊர்ப் பெயர் வேண்டாம். ஒரு சேர், ஒரு கம்ப்ரசர், ஒரு ஸ்டெரிலைசர். உதவியாளர் பணியிடம் காலி. சேர்ந்த மூன்றாம் மாதம் கம்ப்ரசர் நின்றுபோனது. காற்று இல்லையென்றால் பல்லைக் குடையும் ஹேண்ட்பீஸ் சுற்றாது. அது சுற்றாவிட்டால் சொத்தையை முறையாகச் சுத்தம் செய்து அடைக்க முடியாது. பல் பிடுங்கும் குறடுக்கு மட்டும் கரண்டும் வேண்டாம், காற்றும் வேண்டாம். ஆகவே பிடுங்கினேன். அடைத்துக் காப்பாற்றியிருக்கக்கூடிய பற்களையும் பிடுங்கினேன். இப்படி ஏழு மாதம் போனது. மாதாந்திர அறிக்கையில் ‘பல் எடுத்தல்’ கட்டத்தில் எண் ஏறிக்கொண்டே இருந்தது. அடுத்து வந்த ஆய்வுக் கூட்டத்தில், நல்ல எண்ணிக்கை காட்டியவர்களில் ஒருவன் என்று என் பெயரை வாசித்தார்கள். எழுந்து நின்று கும்பிட்டேன். அந்தக் கும்பிடு இன்றைக்கும் கூசுகிறது.

வேர்க்குழாய்ச் சிகிச்சையில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். கம்ப்ரசர் நின்றால் யாருக்குக் கடிதம் எழுதுவது என்று தெரியாது. அதைக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் மருந்தாளுநர். பழுதுக் கடிதம் யாருக்குப் போகவேண்டும், நகல் யாருக்கு, எத்தனை நாள் கழித்து நினைவூட்டல் அனுப்பவேண்டும், பழையதைப் பயனற்றது என்று எழுதிக் கழிக்காமல் புதியது ஏன் வராது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் தொடங்கியது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக், அதில் அதற்கு ஒதுக்கிய தொகை, அந்தத் தொகைக்குள் மாவட்டக் கிடங்கிலிருந்து மருந்து எடுக்கலாம் என்ற ஏற்பாடு அதனுடையது. எங்கள் பாஸ்புக்கைத் திறந்து காட்டி, “உங்க பிரிவுக்கு இதுவரைக்கும் யாரும் எதுவும் கேட்கலையே சார்” என்றார் அவர். அடுத்த இண்டென்டில், அதாவது தேவைப் பட்டியலில், கேட்டோம். வந்தது. எனக்கு முதல் தலைமைப் பயிற்சி கொடுத்தவர் அவர்தான். சான்றிதழ் தரவில்லை, டீ வாங்கிக் கொடுத்தார்.

இன்று நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. அரசுப் பல் மருத்துவருக்கு வேண்டிய தலைமைப் பயிற்சி என்பது, தன் நாற்காலிக்கு வராத வாய்களுக்கும் தானே பொறுப்பு என்று உணர்ந்து, அதற்கான வேலைகளைச் செய்யப் பழகுவது. அதை ஓய்வுபெற ஐந்தாண்டு இருக்கும்போது கொடுத்துப் பயனில்லை. பணியில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே கொடுக்கவேண்டும். கற்றவருக்கு ஏறிப்போக ஒரு ஏணியும் இருக்கவேண்டும். இதை ஐந்து குறிப்புகளாக விரிக்கிறேன்.

1. முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒரு வட்டாரத்துக்கு ஒரு அரசுப் பல் மருத்துவர், நாளொன்றுக்கு முப்பது பேரைப் பார்க்கிறார், ஆண்டில் முந்நூறு நாள் வேலை செய்கிறார் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ஒன்பதாயிரம் வருகைகள். அதில் ஒரே ஆள் மூன்று முறை வந்ததும் அடக்கம். வட்டாரத்தின் மக்கள்தொகையோ ஒரு லட்சத்துக்குக் குறையாது. உலக சுகாதார அமைப்பு 2022இல் வெளியிட்ட வாய்நல அறிக்கை, உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு, அதாவது 350 கோடிப் பேருக்கு, ஏதேனும் ஒரு வாய்நோய் இருக்கிறது என்கிறது. அந்தப் பாதியை நம் வட்டாரத்துக்குப் போட்டுப் பாருங்கள். எவ்வளவு வேகமாகக் கை ஓடினாலும் இந்தக் கணக்கு தீராது.

நம் பி.டி.எஸ். படிப்பு இந்தக் கணக்கைப் போடச் சொல்லித் தருவதில்லை. நான்கு ஆண்டுப் படிப்பு, ஓராண்டுப் பயிற்சி மருத்துவம். அவ்வளவும் ஒரு நேரத்தில் ஒரு வாய் என்ற ஒழுங்கில் நடக்கிறது. அது தவறில்லை, கை பழகாமல் பல் மருத்துவம் இல்லை. இறுதியாண்டில் பொதுச் சுகாதாரப் பல் மருத்துவம் என்று ஒரு பாடம் இருக்கிறது. பின்னாளில் கல்லூரியில் அதை நடத்திய ஆசிரியன் என்ற முறையில் சொல்கிறேன், மாணவருக்கு அதிலிருந்து மிஞ்சுவது முகாம்தான். பேருந்து ஏறிப் போகிறோம், பேனர் கட்டுகிறோம், இருநூறு பிள்ளைகளின் வாயை டார்ச் அடித்துப் பார்க்கிறோம், பிரஷ் கொடுக்கிறோம், ‘மருத்துவமனைக்கு வரவும்’ என்று சீட்டு எழுதுகிறோம், படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறோம். சீட்டு வாங்கிய பிள்ளைகளில் எத்தனை பேர் வந்தார்கள் என்று என் பணிக்காலம் முழுவதும் ஒரு முகாம் அறிக்கையிலும் நான் படித்ததில்லை. நான் எழுதிய அறிக்கைகளையும் சேர்த்தே சொல்கிறேன்.

2. பல்லைப் பார்க்கிறவர் ஊரைப் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் தொழிலின் வரலாற்றிலேயே ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. 1901இல் ஃபிரெடெரிக் மெக்கே என்ற இளம் பல் மருத்துவர் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊரில் தொழில் தொடங்கினார். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் பலருடைய பல்லில் பழுப்புக் கறை. பன்றிக்கறி அதிகம் தின்பதால் என்றார்கள், பால் சரியில்லை என்றார்கள். நாமாக இருந்தால் கறையைத் தேய்த்து எடுத்துக் கட்டணம் வாங்கியிருப்போம். மெக்கே ஊர் ஊராகப் போய் விசாரித்தார். ஐடஹோ மாநிலத்தின் ஓக்லி என்ற சிற்றூரில், தூரத்து வெந்நீர் ஊற்றிலிருந்து குழாய் போட்ட பிறகுதான் பிள்ளைகளின் பல்லில் கறை வந்தது என்று தாய்மார்கள் சொன்னார்கள். தண்ணீரைச் சோதித்தார், அன்றைய சோதனையில் எதுவும் பிடிபடவில்லை. ஆனாலும் அந்தக் குழாயைக் கைவிட்டு வேறு ஊற்றுக்கு மாறுங்கள் என்று ஊராரிடம் பேசி இணங்கவைத்தார். சில ஆண்டுகளில் பிள்ளைகளுக்குப் புதிதாக முளைத்த பற்கள் வெள்ளையாக வந்தன. காரணம் ஃபுளோரைடு என்று வேதியியலாளர் சர்ச்சில் கண்டுபிடித்தது 1931இல். முப்பது ஆண்டு, ஒரு கறைக்குப் பின்னால்!

காரணம் தெரிவதற்கு முன்பே ஓர் ஊர் தன் தண்ணீரை மாற்றிக்கொள்ளும்படி செய்தாரே, தலைமை என்று நான் சொல்வது அதைத்தான். அவருக்கு அரசுப் பதவி ஏதும் இல்லை. நோயாளியின் வாயைப் பார்த்தார், தாய்மாரின் பேச்சைக் கேட்டார், ஊராரிடம் பேசினார்.

இது நம் கதையும்தான். அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில், குடிதண்ணீரின் ஃபுளோரைடால் எலும்பு இறுகி முடங்கிப்போனவர்களைப் பற்றி ஷார்ட்டும் சகாக்களும் 1937இல் எழுதினார்கள். நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கறைப் பல் என்பது பெண் பார்க்க வருகிறவர்கள்வரை எல்லாரும் அறிந்த அடையாளம். பல் நிறத்தில் எத்தனை கூட்டுப்பசை பூசி எத்தனை முன்பற்களை நாம் மறைத்திருப்போம்! அடுத்த தலைமுறைக்கான மருந்து காவிரியிலிருந்து குழாய் வழியாக வரவேண்டியிருந்தது. ஜப்பானியக் கடனுதவியோடு 2008இல் அடிக்கல் நாட்டி, 2013இல் ஓகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் பயன்பாட்டுக்கு வந்தது. திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தணிப்பு என்று இருக்கிறது. ஒரு பல் நோயின் பெயரைத் தாங்கிய திட்டம் பொறியாளர்களின் கையால் நடந்தது. அதில் குறையொன்றும் இல்லை, குழாய் பதிப்பது அவர்கள் வேலை. என் கேள்வி நம்மைப் பற்றியது. குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் நீர்ச்சோதனைக் கூடம் இருக்கிறது. கறைப்பல்லோடு வந்த பிள்ளையிடம் “உங்க வீட்ல எந்தத் தண்ணி குடிக்கிறீங்க?” என்று கேட்டு, அந்தக் கிணற்றுத் தண்ணீரில் ஒரு பாட்டில் பிடித்து அனுப்பியவர்கள் இந்த அரங்கில் எத்தனை பேர்?

(மூன்று கைகள் உயர்ந்தன. மூன்றும் பெண்களின் கைகள். பேச்சில் இல்லாத குறிப்பு இது. மறக்காமல் இருக்க எழுதுகிறேன்.)

3. சரி, ஒரு மருத்துவரை ஊர் பார்க்கிறவராக மாற்றுவது எப்படி? இதற்கு எடுத்த எடுப்பில் வெளிநாட்டுக்குப் போகவேண்டியதில்லை. தமிழ்நாடு நம் பக்கத்து வீட்டில், அதாவது பொது மருத்துவர்களிடையே, அதைச் செய்து நூறாண்டு ஆகிறது. பொதுச் சுகாதாரத்துக்கென்று தனி இயக்குநரகம், தனி நிதி, தனிப் பணிநிலை. நாட்டுக்கே முன்னோடியான 1939ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம் அதற்குக் கையில் கொடுத்த கோல். எம்.பி.பி.எஸ். முடித்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேரும் மருத்துவர், டி.பி.எச். என்ற பொதுச் சுகாதாரப் பட்டயம் படிக்கிறார். பதவி உயர்ந்து ஒரு சுகாதார மாவட்டத்தையே கையில் எடுக்கிறார். கொள்ளைநோய் வந்தால் எந்தத் தெருவில் எந்தத் தொட்டிக்குக் குளோரின் போடவேண்டும் என்று அவருக்குத் தெரியும். பஞ்சாயத்துத் தலைவரிடம் எப்படிப் பேசவேண்டும், கலெக்டர் கூட்டத்தில் எந்த எண்ணைச் சொன்னால் பணம் வரும் என்பதும் தெரியும். பிற மாநிலங்கள் வந்து பார்த்துவிட்டுப் போகும் அமைப்பு இது. இதற்குள் இருப்பது மந்திரம் ஒன்றும் இல்லை. படிப்பையும் பதவியையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள், அவ்வளவுதான்.

டி.பி.எச். படிக்க எம்.பி.பி.எஸ். வேண்டும். நமக்கு அந்தக் கதவு இல்லை. எம்.பி.எச். படிக்கலாம், பொதுச் சுகாதாரப் பல் மருத்துவத்தில் எம்.டி.எஸ். படிக்கலாம். என்னிடம் படித்த எம்.டி.எஸ்.கள் அருமையான ஆய்வேடு எழுதினார்கள். படித்து முடித்ததும் பெரும்பாலோர் தனியார் கல்லூரிகளில் அதே பாடத்தை அடுத்தவருக்கு நடத்தப் போனார்கள். நீச்சல் சொல்லிக் கொடுக்கிறவரை உருவாக்கிக்கொண்டே இருக்கிறோம், குளத்தில் யாரும் இறங்கவில்லை.

இலங்கையில் பல் மருத்துவருக்கு நிலைமை வேறு மாதிரி. சுகாதார அமைச்சில் பல் சேவைகளுக்கென்று ஒரு பிரதிப் பணிப்பாளர் நாயகம் இருக்கிறார். பிராந்தியச் சுகாதார அலுவலகங்களில் பல் சேவைக்குப் பொறுப்பான பல் மருத்துவர் இருக்கிறார். பாடசாலைப் பிள்ளைகளைப் பார்க்கவென்றே பயிற்சி பெற்ற பல் சிகிச்சையாளர்களை மகரகமவில் உருவாக்குகிறார்கள். 1921இல் நியூசிலாந்து தொடங்கிவைத்த பள்ளிப் பல் தாதியர் முறையின் வழிவந்தது அது. ஆக, தலைமை தாங்கக் கீழே ஆட்களும் மேலே ஒரு படியும் இருக்கின்றன. நம் 1948ஆம் ஆண்டுப் பல் மருத்துவர் சட்டமும் பல் சுகாதாரப் பணியாளர் என்ற வகையைப் பெயர் சொல்லி அங்கீகரித்ததுதான். சட்டப் புத்தகத்தில் அவர் இருக்கிறார். என் தாலுகா மருத்துவமனையில் இல்லை.

4. இப்படி ஊரைப் பார்க்கும் பல் மருத்துவர்கள் என்ன செய்து காட்டியிருக்கிறார்கள் என்று கேட்பீர்கள். இரண்டே எடுத்துக்காட்டு. ஸ்காட்லாந்தின் ‘சைல்ட்ஸ்மைல்’ திட்டத்தில் மழலையர் பள்ளிகளில் பிள்ளைகள் தினமும் ஒன்றாகப் பல் துலக்குகிறார்கள். துலக்கவைப்பது பள்ளி ஊழியர்கள். பல் மருத்துவர்கள் செய்தது அரசை இணங்கவைத்தது, முறையை வகுத்தது, ஆண்டுதோறும் எண்ணியது. தொடக்கப்பள்ளியில் சேரும் ஐந்து வயதுப் பிள்ளைகளில் கண்ணுக்குத் தெரியும் சொத்தை இல்லாதவர்கள் 2003இல் 45 விழுக்காடு, 2020இல் 74 விழுக்காடு. தாய்லாந்தில் குழந்தைப் பல் மருத்துவர்கள் கூடி, சர்க்கரை கலந்த குழந்தைப் பால்மாவுக்கு எதிராக இயக்கமே நடத்தினார்கள். விதி மாறியது. 2017இல் இனிப்புப் பானங்களுக்கு அங்கே வரி வந்ததிலும் அந்த இயக்கத்துக்குப் பங்குண்டு.

நமக்கு 54,000க்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் இருக்கின்றன. 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தால் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் காலையிலேயே ஒரே இடத்தில் கூடிச் சாப்பிடுகிறார்கள். சாப்பிட்டதும் இரண்டு நிமிடம் துலக்கினால் என்ன என்று யாருக்கும் தோன்றும். ஆனால் பிரஷ் எங்கே வைப்பது, எலி கடிக்காமல் யார் காப்பது, குழாயில் தண்ணீர் வருமா, பசைக்கு எந்தத் தலைப்பில் பணம், சமையல் செய்யும் அம்மா ஒத்துக்கொள்வாரா? ஒவ்வொன்றுக்கும் பதில் வேண்டும். அதோடு, ஃபுளோரைடு பசை எல்லா ஊருக்கும் ஒரே மாதிரி பொருந்தாது. தண்ணீரிலேயே ஃபுளோரைடு மிகுந்த பென்னாகரத்துக்குச் சொல்வதைத் தஞ்சாவூருக்குச் சொல்ல முடியாது. சென்னையிலிருந்து ஒரே சுற்றறிக்கை போட்டு இதை நடத்த முடியாது. அந்தந்த வட்டாரத்துத் தண்ணீரையும் வாயையும் சேர்த்து அறிந்த ஒருவர் அங்கே முடிவெடுக்கவேண்டும்.

5. கடைசியாக, பயிற்சி எப்படி இருக்கவேண்டும் என்பது. எப்படி இருக்கக்கூடாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். குளிரூட்டிய அரங்கு, பவர்பாயின்ட், பலூன் ஊதி உடைக்கும் விளையாட்டு, பிரியாணி, குழுப்படம், சான்றிதழ். அப்படி நான்கைந்து சான்றிதழ்கள் என்னிடம் இருக்கின்றன.

ஆறு மாதம், வேலை பார்த்துக்கொண்டே, வாரம் ஒரு நாள். சுகாதார மாவட்ட அதிகாரியின் ஆய்வுக் கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து முழுதாகக் கேட்கவேண்டும். ஒரு இண்டென்ட் போட்டுப் பொருள் வந்து சேரும்வரை பின்தொடரவேண்டும். கிராம சுகாதார செவிலியரோடு ஒரு நாள் முழுக்க நடக்கவேண்டும். எந்த வீட்டுக் கதவைத் தட்டக்கூடாது என்பதுகூட அவருக்குத் தெரியும். ஒரு பள்ளியின் சீட்டு வாங்கிய பிள்ளைகள் அத்தனை பேரையும் சிகிச்சை முடியும்வரை விடாமல் தொடரவேண்டும். ஒரு கிராம சபையில் மூன்று நிமிடம் பேசவேண்டும், அதுவும் தமிழில். பாடம் நடத்துகிறவர்கள் மருந்தாளுநர், செவிலியர், கணக்கர், குடிநீர் வாரியப் பொறியாளர். பேராசிரியர்கள் ஓரமாக உட்காரலாம்.

இன்று பல் மருத்துவக் கல்லூரி வகுப்புகளில் பெண்களே மிகுதி. ‘இரண்டு வாரம் தங்கிப் பயில வேண்டும்’ என்று ஒரு வரி போட்டால், கைக்குழந்தையோடு இருக்கும் மருத்துவர் பட்டியலிலிருந்து தானாகவே உதிர்ந்துவிடுவார். பிறகு, தலைமைக்குப் பெண்கள் முன்வருவதில்லை என்று மேடையில் வருத்தப்படுவோம்.

ஒரு மறுப்பும் இருக்கிறது. அதை மூடி மறைக்க விரும்பவில்லை. தேசிய சுகாதார இயக்கத்தின் கீழ் பல பல் மருத்துவர்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறார்கள். அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்று தெரியாதவரிடம் ஐந்தாண்டுத் திட்டம் போடச் சொல்வது கேலி. பயிற்சி கொடுத்துவிட்டால் நிரந்தரப் பணி தேவையில்லை என்று யாராவது என் பேச்சைத் திரித்துக் கோப்பில் எழுதினால், அதை நான் ஏற்கமாட்டேன். இரண்டும் வேண்டும்.

செலவில்லாமல் நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. மாதாந்திர அறிக்கையில் மூன்று கட்டங்களைச் சேருங்கள். சேர் எத்தனை நாள் பழுதாகிக் கிடந்தது. ஒரு பல் அடைத்ததற்கு எத்தனை பற்கள் பிடுங்கப்பட்டன. சீட்டு கொடுத்த பிள்ளைகளில் எத்தனை பேர் வந்து சேர்ந்தார்கள். அந்த மூன்று கட்டங்கள் அன்றைக்கு இருந்திருந்தால், அந்த ஆய்வுக் கூட்டத்தில் என் பெயரை அப்படி வாசித்திருக்க மாட்டார்கள். ஏழு மாதம் என்ன செய்தாய் என்று கேட்டிருப்பார்கள்.

இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தந்தையார் ஒரு அரசு மருத்துவமனையில் பணியாற்றி ஓய்வுபெற்ற பல் மருத்துவர் என்று அழைப்பிதழில் படித்தேன். அடுத்த ஆண்டு இந்த மேடைக்கு என்னைப்போல் ஒரு பேராசிரியரை அழைக்காதீர்கள். ஏதாவது ஒரு வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்தில் தனியாளாகப் பல் பிரிவை நடத்திக்கொண்டிருக்கும் ஒருவரை அழையுங்கள். அவர் வருகிற அன்றைக்கு அவருடைய ஓ.பி.யைப் பார்க்க மாற்றாள் ஒருவரை அனுப்ப, சுகாதார மாவட்ட அதிகாரியிடம் இப்போதே எழுதிக் கேட்டுவிடுங்கள். நகல் யாருக்குப் போடவேண்டும் என்று அங்குள்ள மருந்தாளுநர் சொல்வார்.